“இதை மலையில விட்டுட்டு வந்துடலாம்!” - எட்டு மாத முறுக்குவுடன் கல்வராயன் மலைக்கு ஒரு பயணம்

அப்பாவின் இடது கால் செருப்புகள் மூன்று. என் ஆபீஸ் லேப்டாப்பின் சார்ஜர் ஒயர். மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வடகம், அது கிடந்த வேட்டியோடு சேர்த்து. தீபாவளிக்குள் முறுக்கு கடித்துத் தீர்த்தவற்றில் சில இவை. கார்த்திகை பிறந்ததும் பக்கத்து வீட்டுச் சேவலைத் தெருமுனை வரை துரத்தினான். சேவல் பிழைத்துக்கொண்டது. எங்கள் மானம்தான் போனது.

அன்று ராத்திரி அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். “ஞாயித்துக்கிழமை உங்க மாமா சாமை எடுக்க மலைக்குப் போறான். இதையும் வண்டியில ஏத்தி விடு. தெரிஞ்சவங்க வூட்ல விட்டுட்டு வந்துடலாம். காடு கழனின்னு ஓடியாடி நல்லா இருக்கும்.”

‘மலை’ என்றால் எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். கல்வராயன் மலை.

முறுக்கு, ஏமப்பேர் பக்கம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி. வால் சுருண்டிருந்ததால் அந்தப் பெயர். நாலு மாதத்திலேயே ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்தான், ‘வா’ என்றால் காது பறக்க ஓடி வந்தான். ரீல்ஸ் எடுத்துப் போட்டு ஊரெல்லாம் பெருமையடித்தேன். ஏழாவது மாதத்தில் என்ன ஆனதோ, ‘வா’ என்றால் என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். “கேட்டுச்சு, வரல” என்று அர்த்தம். அப்புறம் தன் போக்கில் போய்விடுவான். ரீல்ஸ் போட்டதால் திருஷ்டி பட்டுவிட்டது என்பது அம்மாவின் கட்சி.

காலை ஆறரைக்கு மாமாவின் வெள்ளை ஆம்னி வந்தது. அம்மா வெளியே வரவில்லை. ஆனால், தயிர்சாதம் ஒரு டப்பாவில் தனியாக இருந்தது. அது யாருக்கு என்று கேட்கவில்லை. வளைவுகளில் வாந்தி எடுப்பான் என்பதால் காலையில் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை.

வெளியூர் நண்பர்களிடம் கள்ளக்குறிச்சி என்றால், 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கிய விஷச் சாராயம்தான் சட்டென்று ஞாபகம் வருகிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கச்சிராயபாளையம் சாலையில் அரை மணி நேரம் போனால் போதும், கரும்புத் தோட்டங்களுக்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர் எழும்பும். அதைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் முகம் கொஞ்சம் மாறும். முறுக்குக்கும் மாறியது. ஜன்னலில் மூக்கை வைத்து மோந்துகொண்டே வந்தான்.

கோமுகி அணையில் டீ குடிக்க நிறுத்தினோம். மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றை இங்கேதான் மறித்திருக்கிறார்கள். 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். மழைக்காலம் முடியும் நேரம் என்பதால் அணை தளும்பிக்கொண்டிருந்தது. நான் போட்டோ எடுக்கத் திரும்பியபோதுதான் அந்த நாயைப் பார்த்தேன்.

செம்பழுப்பு நிறம். கழுத்தில் சிவப்பு பெல்ட். மற்ற நாய்கள் மீன் வறுக்கும் கடையைச் சுற்றிக்கொண்டிருக்க, இது மட்டும் சாலையோரம் தனியாக நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆம்னியையே பார்த்தது. மாமா இறங்கினார், நான் இறங்கினேன். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டது.

“வெள்ள வண்டி எது வந்தாலும் எழுந்து நிக்கும்மா” என்றார் கடைக்கார அக்கா. “பத்து நாளாச்சு. கார்ல வந்து மீன் சாப்ட்டாங்க, எறக்கி வுட்டாங்க, போய்ட்டாங்க. பாவம், சின்ன நாயிதான். ஒரு வயசுகூட இருக்காது.”

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த நேரத்தில் எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. எங்கள் வண்டியும் வெள்ளை என்பதுதான் ஞாபகம் வந்தது.

‘நாங்க ரோட்டுல விடப் போறதில்லையே, தெரிஞ்சவங்க வீட்டுலதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதிகள். ஊட்டி மாதிரி ஸ்வெட்டர் கேட்கும் குளிர் கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாகும், அவ்வளவுதான். மூன்றாவது வளைவில் முறுக்கு, வெறும் வயிற்றோடும் வாந்தி எடுத்தான்.

பெரியார் அருவியில் அவனுக்குத் தண்ணீர் காட்ட இறக்கினேன். அங்கேதான் வினை. சாலையில் ஆட்டுக்கூட்டம் ஒன்று வந்தது. கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஒரே ஓட்டம். ஆடுகள் நாலாபக்கமும் சிதற, மேய்த்து வந்தவர் கம்பை ஓங்க, நான் “முறுக்கு வா, முறுக்கு வா, டேய் வாடா” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓட, சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் மொபைலை எடுத்துவிட்டார்கள். வீடியோ எடுப்பது என் பிழைப்பு. நானே வீடியோ ஆனது அன்றுதான்.

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் குந்தி உட்கார்ந்து, “தா... வா” என்றான். ஒரே முறை. முறுக்கு நேராகப் போய் அவன் முன்னால் உட்கார்ந்தான். கையைக்கூட நீட்டினான்!

ஆட்டுக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். கோபம், அதைவிட அவமானம். சோறு போடுவது நான், ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான், கேட்பது மட்டும் எவனோ ஒருவன் பேச்சையா?

கரியாலூர் பக்கம் சிக்னல் வந்ததும் தோழிக்கு வாய்ஸ் நோட்டில் புலம்பினேன். என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். அவள் சிரித்துக்கொண்டே ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பினாள். 2020-ல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் தலைமையிலான குழு செய்தது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டப் பழக்கும் நாய்களில் 69-ஐ எடுத்து, ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் ‘உட்கார்’ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்கவில்லை. அதே எட்டு மாதத்தில், முன்பின் தெரியாத ஆள் சொன்னால் முன்பைவிட நன்றாகக் கேட்டிருக்கின்றன!

நம் வீட்டில் “தண்ணி எடுத்துக் குடு” என்றால் காதில் வாங்காத பத்தாம் வகுப்புப் பையன், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு சிலிண்டரே தூக்கிக் கொடுப்பான் இல்லையா? அதேதான். ஹார்மோன் ஏறும் வயது. பொதுவாக ஆறாவது மாதத்தில் ஆரம்பித்து ஒன்றரை வயது வரை, பெரிய இன நாய்களுக்கு இரண்டு வயது வரைகூட நீளும். ஆனால், கீழ்ப்படியாமையின் உச்சம் அத்தனை நாள் இருப்பதில்லை. அந்த ஆய்விலேயே ஒரு வயதை நெருங்கும்போது நாய்கள் பழையபடி பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டன. தோழி கடைசியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். “இந்த வயசுலதான் நிறைய பேர் நாயைக் கொண்டுபோய் விட்டுடறாங்க. இன்னும் நாலு மாசம் பொறுத்திருந்தா போதும்.”

அணையில் நின்ற சிவப்பு பெல்ட் ஞாபகம் வந்தது. மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை.

கரியாலூரில் படகுத்துறை, பூங்கா எல்லாம் உண்டு. கோடை விழா சமயத்தில் கூட்டம் அள்ளும். அங்கிருந்து வெள்ளிமலை பக்கம்தான். அதுதான் கல்வராயன் மலை தாலுகாவின் தலைநகர். இங்கே வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. நாடு சுதந்திரமடைந்த பிறகும் இங்கே ஜாகீர்தார்களின் ஆட்சிதான் நடந்தது. 1976-ல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு முழுதாக வந்தது.

மாமாவுக்குப் பழக்கமான வீடு, வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருந்தது. சாணம் மெழுகிய வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி, மூன்று நாய்கள். அதில் மூத்தது ஒரு கறுப்புப் பெட்டை. இடது காது பாதி கிடையாது. காட்டுப்பன்றி கிழித்ததாம்.

முறுக்கு போனதும் போகாததுமாக அதன் மேல் பாய்ந்து விளையாடப் பார்த்தான். அது திரும்பி, சத்தமே இல்லாமல் அவன் மூக்கைத் தன் வாயில் கவ்வி, ஒரு நொடி வைத்திருந்து விட்டது. பல் பதியவில்லை. முறுக்கு மல்லாந்து படுத்துவிட்டான். அடுத்த ஒரு மணி நேரம் அதன் பின்னாலேயே அடக்க ஒடுக்கமாகச் சுற்றினான். ‘இங்கேயே இருந்தால் திருந்திவிடுவான் போல’ என்று தோன்றிய அதே நேரத்தில், ஒரு கோழி குறுக்கே போனது. அவ்வளவுதான், மறுபடியும் ஓட்டம். பாட்டி ஒரு சுள்ளியை வீசி நிறுத்தினார்.

களியும் கீரைக் குழம்பும் போட்டுக்கொண்டே பாட்டி பேசினார். “இங்க நாயின்னா வேலைக்குத்தான் கண்ணு. ராவுல மரவள்ளிக் காட்டுல பன்னி எறங்கினா சத்தம் குடுக்கணும். ஆட்டத் தொடக்கூடாது, கோழியத் தொடக்கூடாது. ஆட்டுப்பட்டியிலயே பொறந்து, ஆட்டு மூத்தர வாசத்துலயே கண்ணு தொறந்த குட்டிக்குத்தான் அது வரும். இது மெத்தையில தூங்குன நாயி.”

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாய்க்குட்டிகள் பிறந்த முதல் மூன்று மாதங்களில் பழகும் உயிர்களைத்தான் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். முறுக்கு அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டு ஹாலில் மிக்சியையும் டிவியையும் பழகிக்கொண்டிருந்தான்.

“இத இங்க வுட்டுட்டுப் போனா என்னா பண்ணும் தெரியுமா? சோறு தின்னாது. ரோட்டுக்குப் போயி, நீங்க போன தெசையப் பாத்துக்கினு உக்காந்திருக்கும். ஆடு கோழி மேல பாஞ்சா யாராவது அடிச்சிக் கொன்னுபுடுவாங்க. வேணாம், இட்டுக்கினு போயிடு.”

மலை என்றால் நாய்களுக்குச் சொர்க்கம் என்பது சமவெளியில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் நம் கற்பனை. நமக்குச் சௌகரியமான கற்பனையும்கூட. அந்தக் கறுப்பு நாயின் பாதிக் காதைப் பார்த்த பிறகு எனக்கு அது விட்டுப்போனது.

கிளம்பும்போது “முறுக்கு வா, முறுக்கு வா” என்று நான் மறுபடி ஆரம்பிக்க, பாட்டி என் கையைப் பிடித்தார். “எத்தினி வாட்டி கூப்புடுவ? ஒருவாட்டி கூப்புடு. வரலன்னா போயி புடிச்சிக்கினு வா. பத்துவாட்டி கூப்ட்டா, பத்தாவது வாட்டிதான் கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கும்.”

திரும்பும் வழியில் அணைக்கரையில் நிறுத்தினோம். வெள்ளை ஆம்னியைப் பார்த்ததும் சிவப்பு பெல்ட் எழுந்து நின்றது. உள்ளேயிருந்து முறுக்கு குரைத்தான். அது உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் ஒரு அலுமினியக் கிண்ணத்தில் சோறு இருந்தது, அக்கா வைத்ததுதான். மாமா ஒரு மீன் வாங்கி, முள்ளெடுத்து அந்தக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்தார். ஊர் வரும்வரை அவர் பேசவில்லை.

வீட்டு வாசலில் முறுக்கு குதித்து இறங்கியதைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி, “தயிர்சாதம் சாப்ட்டானா?”

அதற்குப் பிறகான இரண்டரை மாதத்தில் நாங்கள் செய்தவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் தெரிய வந்தது எங்கள் தப்பு. அவனைக் கூப்பிட அம்மா ‘வா’ என்பார், அப்பா ‘கம்’ என்பார், நான் ‘இங்க’ என்பேன். பாவம், அவனுக்கு மூன்று பாஷை. இப்போது வீடு முழுக்க ‘வா’ மட்டும்தான், அதுவும் ஒருமுறைதான். வந்தால் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துணுக்கு. தாமதமாக வந்தாலும் திட்டுவதில்லை. வந்ததற்குத் திட்டினால், வந்தால் திட்டு விழும் என்றுதான் அவன் படித்துக்கொள்வான். அப்பா, பேப்பரைச் சுருட்டி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

கழுத்தில் உருவிக்கொள்ளும் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை. அதில் பத்து மீட்டர் நூல் கயிறு. மைதானத்தில் ஓடட்டும், மோப்பம் பிடிக்கட்டும். ஆனால், கூப்பிட்டு வராவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே போய்விடுவேன். நடக்கும்போது இழுத்தால் மரம்போல நின்றுவிடுவது. முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே இருபது நிமிடம் ஆனது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் அவனுக்கும் பொறுக்காது, எனக்கும் பொறுக்காது. கடிக்க முழு கேரட். வேகவைத்த எலும்பு கூடாது, உடைந்து தொண்டையில் குத்தும். வெங்காயம், சாக்லேட், திராட்சை பக்கமே போகக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசி வருடா வருடம்.

நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. பொங்கலன்று கரும்புக் கட்டை இழுத்துக்கொண்டு தெரு முழுக்க ஊர்வலம் போனான்.

போன வாரம் காலை நடையில் பக்கத்து வீட்டுச் சேவல் எதிரே வந்தது. முறுக்கு நின்றான். காது விறைத்தது. கயிறு என் கையில் தளர்வாகத்தான் இருந்தது. “வா” என்றேன், ஒருமுறை. சேவலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சேவலைப் பார்த்தான். எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. அப்புறம் வந்தான்.

பையில் இருந்த ஈரலை மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். அம்மா கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் செருப்பு மட்டும் இன்னும் பீரோ மேலேதான் இருக்கிறது.