துர்க்கத்தின் அடிவாரத்தில்

பிரான்சு நாட்டின் சிற்றூர்களைச் சுற்றிவந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை நான் விரும்பிப் படிப்பவன். அவர்கள் காணச் செல்பவை பெரும்பாலும் எளிய பொருள்களே. கல்லால் கட்டிய சில தெருக்கள், ஒரு பழைய தேவாலயம், தூர்ந்துபோன கோட்டையின் ஒரு பக்கச் சுவர், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் ஒரு மேடு. அவ்வளவுதான். நம்மூர்ப் பெருங்கோயில் ஒன்றின் வெளிப்பிரகாரத்துக்குள் அடங்கிவிடக்கூடிய ஊர்களும் அவற்றில் உண்டு. ஆயினும் உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. 1982-இல் கொலோஞ் லா ரூஜ் என்னும் செந்நிறக் கற்களாலான ஊரின் மேயர் சார்ல் செய்ராக், ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்றொரு சங்கத்தைத் தொடங்கினார். மக்கள்தொகை 2,000-க்கு மிகாதிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ இரண்டாவது இருக்க வேண்டும். ஊர்மன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றி விண்ணப்பிக்க வேண்டும். இவை அதில் சேர்வதற்கான நிபந்தனைகளுள் சில. இவற்றில் மூன்றாவதே என்னை மிகவும் ஈர்த்தது. கல்லும் சுவரும் இருந்தால் மட்டும் போதாது. ‘எங்கள் ஊர் பார்க்கத்தக்கது’ என்று ஊரே கூடிச் சொல்லவும் வேண்டும்.

வகுப்பில் பயண இலக்கியம் நடத்துகையில் இதைச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அங்க கிராமத்தைக்கூட டிக்கெட் எடுத்துட்டுப் போய்ப் பாக்கறாங்க. நம்ம ஆம்பூர்ல பாக்க என்ன இருக்கு? பிரியாணிதான் இருக்கு, டேனரி நாத்தம்தான் இருக்கு” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தாயார் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர். அங்கே தைக்கப்படும் காலணிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. அந்தக் கிராமங்களின் கல் பாவிய தெருக்களில் நடக்கும் கால்களில் எத்தனை இணை நம் பாலாற்றங்கரையில் தைக்கப்பட்டவையோ!

அவளுக்கு நான் அன்று சொன்ன விடை 1749-ஆம் ஆண்டைப் பற்றியது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் ஒரு போர் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒருபுறம். கர்நாடக நவாப் பதவியைக் கோரிய சந்தா சாகிபும், தக்காணத்தின் ஆட்சியைக் கோரிய முசாபர் ஜங்கும் மறுபுறம். இவர்களுக்குத் துணையாகப் புதுச்சேரியின் ஆளுநர் துய்ப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை வந்திருந்தது. அதில் ஐரோப்பியர் சுமார் 400 பேர்தாம். மற்றவர்கள் நம்மவரான சிப்பாய்கள். மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கிவரும் கணவாய் வழியைக் காக்கும் துர்க்கம் ஆம்பூரில் இருந்தது. அதன் கீழே, மலைக்கும் ஏரிக்கும் இடையே மண்ணரண் எழுப்பி அன்வருத்தீன் காத்திருந்தார். பிரெஞ்சுக்காரரின் முதலிரண்டு தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. தளபதி தோத்தேய் காயமுற்றார். மூன்றாம் தாக்குதலைப் புஸ்ஸி நடத்தினார், அரண் உடைந்தது. முதியவரான நவாப் யானைமேல் அமர்ந்தபடியே சந்தா சாகிபை நோக்கிச் செல்லுகையில் குண்டு பட்டு வீழ்ந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவர் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார்.

அந்தத் தப்புதலிலிருந்துதான் பின்வந்தவை எல்லாம் தொடங்குகின்றன. முகம்மது அலியின் துணைக்கு ஆங்கிலேயர் வந்தனர். 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1760-இல் வந்தவாசி, 1761-இல் புதுச்சேரியின் வீழ்ச்சி என்று அந்தக் கதை நீள்கிறது. தென்னாட்டை ஆளப்போவது எந்த ஐரோப்பிய மொழி என்ற வழக்கின் முதல் விசாரணை ஆம்பூரில் நடந்தது எனலாம்.

ஒரு ஞாயிறன்று மாணவர்கள் நால்வருடன் துர்க்கத்தின் அடிவாரத்துக்குப் போனேன். கேள்வி கேட்ட பெண்ணும் வந்திருந்தாள். முட்புதர், பாறை, வெயில். நாங்கள் நடந்த வழியில் 1749-ஐக் குறிப்பிடும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ஓரளவு உயரம் ஏறித் திரும்பிப் பார்த்தபோது பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. நெடுஞ்சாலை, இருப்புப் பாதை, தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள், மசூதியின் மினார், நடுவே வெண்மணலாகப் பாலாறு. இந்த வழியாகத்தான் படைகள் வந்திருக்க வேண்டும் என்பது வரைபடம் பார்க்காமலே விளங்கியது. மலைகள் இருபுறமும் நெருங்கிவர, இடையில் இருப்பது ஒரு வாசல். இதே துர்க்கம் 1767-இல் ஹைதர் அலியின் முற்றுகையையும் தாங்கியது. உள்ளிருந்து காத்தவர் ஆங்கிலப் படையின் கேப்டன் கால்வெர்ட். வாசலைப் பிடிக்க வந்தவர்கள் மாறினார்களே தவிர, வாசல் மாறவில்லை.

இறங்கும்போது ஆடுகளை ஓட்டிவந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். மாணவர்களில் ஒருவன், “பாய், இங்க சண்டை நடந்துச்சாமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?” என்று கேட்டான். அவர் சற்று யோசித்தார்.

“எங்க தாதா சொல்வாரு தம்பி. நவாபு ஒருத்தரு யானை மேலயே ஷஹீதாயிட்டாருன்னு. எந்த நவாபு, எந்த வருஷம்னெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எங்க பசங்ககிட்ட சொன்னா, போங்கப்பான்றானுங்க.”

நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம். ஆண்டும் பெயரும் படையெண்ணிக்கையும் என்னிடம் இருந்தன. யானை நின்ற நிலம் அவரிடம் இருந்தது. புத்தகத்தில் பாதி, அவர் நாவில் பாதி. இரண்டையும் சேர்த்துவைக்க அந்த ஊரில் இதுவரை ஒரு சந்திப்பு நிகழவில்லை. அந்த மாணவி தன் குறிப்பேட்டை எடுத்து, “நவாபு பேரு அன்வருத்தீன் கான், தாத்தா. 1749” என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவரும் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இந்த ஊரின் போர் வேறோர் இடத்தில் விட்டுச்சென்ற தடத்தையும் அவர்களுக்குச் சொன்னேன். வெற்றிக்குப் பின் புதுச்சேரி சென்ற சந்தா சாகிப், நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறும் வரை அவை பிரெஞ்சு நாட்டுப்புறங்களே. இன்றும் புதுச்சேரி மாநிலத்தின் கொம்யூன்கள். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், கல்வி நிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செப்பேடு சொல்லும் அதே பாகூர்தான். ஏரியும் மூலநாதர் கோயிலும் கொண்ட அந்த மருதநிலத்துக்குள் நுழையும்போது எதிர்ப்படும் மாநில எல்லைக்குக் காரணங்களுள் ஒன்று, நாங்கள் நின்றிருந்த முட்காட்டில் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் கிராமத்தைக் காண விமானம் ஏற வேண்டியதில்லை.

பெயர் சூட்டும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. அண்மையிலுள்ள ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் அல்லது கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயர். ஔவையைக் கடந்து பாரியை அடைந்து பேகன்வரை ஏறிவிடலாம். இலக்கியம் படித்தவனுக்கு மகிழ்ச்சியான சாலை. ஆனால் அந்தப் பெயர்கள் வேறு நிலங்களிலிருந்து வந்தவை. பள்ளத்தாக்கின் சொந்தக் கதை அந்த வளைவுகளில் இல்லை.

ஊர் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரே சான்று. கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல், வழிபாடின்றிக் கிடந்தது. கல்யாண மண்டபத்தின் தூண்களைச் சிற்பக்கலை பயில்வோர் வந்து பார்த்துச் சென்றார்கள். 1981-இல் ஊர்மக்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே நிறுவினார்கள். நினைவுச்சின்னச் சட்டத்தின் பார்வையில் அது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் அதன்பிறகு அது வெறும் சின்னமாக இல்லை.

தோல் மண்டலத்தை அழகுபடுத்திக் காட்டுவது என் நோக்கமன்று. பாலாற்றின் நிலத்தடி நீர் கெட்டதும் கிணறுகள் உவர்த்ததும் உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. நம் ஊரின் பெயர் சட்டக் கல்லூரிகளில் ஒலிப்பது அதனால்தான். அதுவும் இந்நிலத்தின் வரலாறே, மறைக்க வேண்டியதில்லை. நாற்றம் மட்டுமே இருக்கிறது என்று நம்பும் பிள்ளைகள் வாய்ப்புக் கிடைத்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். நாற்றத்தை எதிர்த்துப் பேசவும் ஆளிராது. தன் ஊருக்கு ஒரு கதை உண்டென்று அறிந்தவர்தாம் அதன் தண்ணீருக்காகவும் வழக்காடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பருவத்தின் ஒப்படைவாக ஒவ்வொரு மாணவரையும் தம் ஊரிலுள்ள ஒரு கல்லையோ சுவரையோ குளத்தையோ பற்றி, வீட்டுப் பெரியவரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். மதிலழகுக்குப் பேர்போன விரிஞ்சிபுரம் வந்தது. அங்குள்ள நேரம் காட்டும் கல் வந்தது. மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையின் சமண ஓவியங்கள் வந்தன. ஆட்டுக்காரப் பெரியவரின் சொற்களும் வந்தன, எழுத்து மாறாமல்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே போகும் நண்பர்கள் ஆம்பூரில் பிரியாணிக்காக வண்டியை நிறுத்துவதுண்டு. கை கழுவிவிட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிடம் மலையைப் பாருங்கள். கல்லாவில் இருப்பவரிடம் ‘துர்க்கம் எது?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லலாம்.