எரிந்த வாயு

ராத்திரி படுக்கப் போகும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்காத வீடு குறைவு. வாடை அடித்தால் சன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, 1906-க்குக் கூப்பிடு என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த வாடையே நமக்காகச் சேர்க்கப்பட்டதுதான். எல்.பி.ஜி.க்கு இயல்பில் அப்படியொரு நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டனைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். எரியாத வாயுவுக்கு இப்படி ஒரு காவல் உண்டு. எரிந்து முடிந்த வாயுவுக்குள் யாரும் எதையும் கலப்பதில்லை. குளியலறைக் கேஸ் கீசரை மாற்ற வேண்டி வந்தபோது என் கவலையெல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றியே இருந்தது.

நாங்கள் வீட்டை வாங்கும்போதே அது சுவரில் இருந்தது. 2012-ஐக் கோவைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்வதைவிட எப்போது வரும் என்று சொல்வது சுலபமாக இருந்த காலம். மின்சாரக் கீசர் இரண்டாயிரம், மூவாயிரம் வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. கேஸ் கீசருக்கோ டார்ச்சில் போடுகிற பெரிய பேட்டரி இரண்டு போதும். குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர். முந்தைய வீட்டுக்காரர் அந்த நாளில் வாங்கி, குளிக்கும் இடத்துக்குத் தோதாகக் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தார். மின்வெட்டு ஒழிந்த பிறகும் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது.

இந்தப் பெட்டிக்கு வயதானால் காதுக்கும் கண்ணுக்கும் தெரியும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சின்ன சுவிட்சை அழுத்துகிறது. பேட்டரி பொறி விட, வால்வு திறந்து, டப்பென்று பற்றிக்கொள்கிறது. சுடருக்கு மேலே செப்புத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அவற்றின் ஊடே வளைந்து போகிற குழாயில்தான் தண்ணீர் சூடாகிறது. சவ்வு விறைத்துப் போனால் குழாயை மூடிய பிறகும் சுடர் சற்று நின்றுதான் அணையும். எங்கள் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான், குளிக்க உப்புத்தண்ணிதான். அந்த உப்பு செப்புக் குழாயின் உட்புறம் படிந்து, சூடேறும்போது கொறகொறவென்று சத்தம் போடும். வெளிப்புறத் தகடுகளில் கரி அடைந்தால் எரிந்த வாயு மேலேற வழியில்லாமல் திணறும். அப்போது நீலச் சுடர் மஞ்சளாகும், பெட்டிக்கு மேல் சுவரில் கறுப்பு படரும். எங்கள் வீட்டில் மூன்றும் வந்துவிட்டன. சுடர் மஞ்சளாகிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதில் வெந்நீர் போடக் கூடாது. நாங்கள் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டோம்.

புதிய கீசரோடு வந்த தம்பி நல்ல வேலைக்காரர். பழையதைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஏனுங்ணா, ஆணி ரெண்டும் கெட்டியாத்தானுங்க இருக்குது. அதுலயே மாட்டீட்டா அரை மணி நேர வேலைங்க."

"உள்ளே வேண்டாம் தம்பி, பின்னாடி வெளியே மாட்டணும்."

"புதுசுதானுங்களே? சுடர் நீலமா சுத்தமா எரியுமுங்க. வேணும்னா ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாமுங்க."

புதுசு என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்றப் பத்தரை கிலோவாட் சூடு தேவை. வீணாவதையும் சேர்த்தால் 12 கிலோவாட். அதற்கு மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக எல்.பி.ஜி. எரியும். ஒரு பங்கு வாயு முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். கால் மணி நேரக் குளியலுக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய மூன்று கன மீட்டர் காற்று. ஐந்துக்கு ஏழடி அளவில் ஒன்பதடி உயரமுள்ள குளியலறையில் இருப்பதே மொத்தம் ஒன்பது கன மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கைக் கீசர் குடித்துவிடுகிறது. குளிப்பவர் மீதியில் மூச்சுவிட வேண்டும். அந்த மீதியும் நல்ல காற்றாக இருக்காது. பிராண வாயு குறையக் குறைய, சுத்தமான பர்னர்கூட அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை விட ஆரம்பிக்கும். பழைய பெட்டி அதைச் சீக்கிரம் செய்யும், புதியது கொஞ்சம் தாமதமாகச் செய்யும்.

ஃபேன் விஷயமும் அப்படித்தான். உள்ளே காற்று வர வழி இருந்தால் ஃபேன் நல்லது. கதவு இறுகச் சாத்தியிருக்கும் அறையில் அது எங்கிருந்து காற்றை இழுக்கும்? கீசருக்குப் புகைபோக்கி இருந்தால் அதன் வழியாகவே வெளிக்காற்றைக் கீழே இழுக்கும். போக வேண்டிய வாயு திரும்பி வரும். எங்கள் வென்டிலேட்டரில் கொசுவலை அடித்திருந்தது, அதில் வருடக்கணக்கில் தூசி. மார்கழியில் குளிர்காற்று அடிக்கும்போது அம்மா அதன் மேல் ஒரு துண்டையும் செருகிவிடுவார். சொன்னால், "ஏஞ்சாமி, ஊதக்காத்துல நின்னு குளிக்கச் சொல்றயா?" என்பார். குளிர் கூடும் நாளில்தான் வெந்நீரும் கூடுதலாகக் கேட்கும், கதவு சன்னலும் இறுக மூடும். விபத்துகள் பனிக்காலத்தில் அதிகம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இதை இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பித்தம், வெறும் வயிறு, பிரஷர் என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். அடுத்து கால் துவளும். கதவுத் தாழ்ப்பாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எட்டாது. குளியலறையில் மயங்கிக் கிடந்தவருக்கு வலிப்பு என்று வைத்தியம் பார்த்த கதைகள் உண்டு. நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கிற, விரலில் மாட்டிப் பிராண வாயு பார்க்கும் கருவி இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது பிராண வாயு ஏறிய ரத்தமாகவே எண்ணி 98 என்று காட்டும். அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், குளியலறையில் கேஸ் கீசர் ஓடியது என்பதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

அம்மாவின் பிறந்த வீட்டில் பொடக்காலியில் செப்பு பாய்லர் நின்றிருந்தது. நடுவே நெருப்புக் குழல், சுற்றிலும் தண்ணீர், கொட்டாங்குச்சியும் தென்னை மட்டையும் எரியும். புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் அதை யாரும் வீட்டுக்குள் வைக்க நினைக்கவில்லை. அதிலும் கார்பன் மோனாக்சைடு வந்தது, நிறையவே வந்தது; வானத்துக்குப் போய்விட்டது. எல்.பி.ஜி. சுடரில் புகை இல்லை, கரிப்பு இல்லை. அந்த ஒரே தகுதியில் அது அறைக்குள் இடம்பிடித்துவிட்டது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர் முதல் வாயுக் கீசருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் புகைபோக்கியே கிடையாது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நம் குளியலறைச் சுவர்களில் பலவும் மாகன் காலத்திலேயே நிற்கின்றன.

பின்னால் துணி துவைக்கும் இடம் மூன்று பக்கம் திறப்பு, மேலே தகரம். கீசரை அங்கே மாட்ட முடிவாயிற்று. அதிலும் பார்க்க வேண்டியவை இருந்தன. நேர்க்காற்று சுடரை அணைக்கக் கூடாது, மழைச் சாரல் படக் கூடாது, படுக்கையறை சன்னல் பக்கத்தில் இருக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சாக்கடைக் குழியை விட்டுத் தள்ளி, சம தரையில், சிலிண்டரை நிமிர்த்தி வைத்தோம். அங்கிருந்து குளியலறைக்குச் சுவரைத் துளைத்து சி.பி.வி.சி. குழாய் போட்டோம், சாதாரண பி.வி.சி. வெந்நீருக்குத் தாங்காது. மேல்தொட்டியின் உயரமும் கணக்கில் வர வேண்டியது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்றால் மூன்று மீட்டருக்கு 0.3 பார்தான். சில கீசர்கள் அதில் பற்றவே பற்றாது. குறைந்தபட்ச அழுத்தம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், ஐ.எஸ். 15558 முத்திரையோடு அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

தண்ணீர் வேலை அந்தத் தம்பியுடையது. கேஸ் வேலைக்கு ஏஜென்சி மெக்கானிக்கை வரவழைத்தேன். இரண்டையும் ஒருவரே முடித்துவிடுவதுதான் ஊர் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. மெக்கானிக் எஃகுக் கம்பி பின்னிய ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டர் மாட்டி, அதில் அச்சிட்டிருந்த வருடத்தைக் காட்டினார். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டுமாம். இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் தைரியத்தைப் பாராட்ட மனம் வரவில்லை.

வெளியே இடமில்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள் கேஸ் கீசர் வாங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். இப்போது கரண்ட் இருக்கிறது. நல்ல எர்த்தும் கசிவு பிரேக்கரும் உள்ள மின்சாரக் கீசர் போதும். மாதச் செலவு கொஞ்சம் ஏறும், ஏறட்டும். சமையலறைக்கு வாங்கி வைத்திருக்கும் கேஸ் அலாரம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். அது எரியாத வாயுவை மோப்பம் பிடிக்க, தரையருகே பொருத்துவது. கார்பன் மோனாக்சைடுக்கான அலாரம் வேறு. அந்த வாயுவின் எடை காற்றின் எடையை ஒட்டியே இருப்பதால் அறை முழுக்கக் கலக்கும். அலாரத்தை ஆள் மூச்சுவிடும் உயரத்தில் வைக்கலாம். அதன் உணரிக்கும் ஆயுள் உண்டு, தேதி பார்த்து மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு குறை மட்டும் மிச்சம். குழாய் நீளமாகிவிட்டதால் முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வருகிறது. அதை வாளியில் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொள்கிறார்.

பழைய கீசரை வாங்க வந்த எடைக்கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஓடுதுங்களா?" ஓடினால் நல்ல விலை, தண்டவாளத்தோரம் வீடு கட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்களாம். ஓடத்தான் செய்தது. தம்பியைக் கூப்பிட்டு வால்வைத் தனியே பிடுங்கி நசுக்கச் சொல்லிவிட்டு, உடைசல் கணக்கில் கொடுத்தேன். செம்புக்குத் தனி விலை, தகரத்துக்குத் தனி விலை. அவருக்கு என்மேல் வருத்தம்தான்.