தொடங்கிய புள்ளி

எழுத்தால் மட்டுமே ஆன கணினி விளையாட்டுகளைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் பேசினால் சிரிக்கிறார்கள். படம் கிடையாது, ஒலி கிடையாது. கறுப்புத் திரையில் ஓர் அறையைப் பற்றி நான்கு வரி வர்ணனை. அதன் கீழே வெளியேறும் வழிகள். ‘வடக்கு’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அடுத்த அறையின் வர்ணனை வரும். உலகின் பல மூலைகளிலிருந்தும் பலர் அதே அறைகளில் உலவிக்கொண்டிருப்பார்கள். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற விளையாட்டின் பெயரே பின்னர் இந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று.

நான் அதைக் கண்டடைந்தது ஆவடியில், சி.டி.எச். சாலையோரம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். அப்போது கல்லூரி முதலாண்டு. மணிக்கு இருபது ரூபாய். வாசிக்கிறவனுக்கு ஏற்ற விளையாட்டு என்பதால் மனம் ஒட்டிக்கொண்டது. ஆனால் தினமும் வழி தவறிவிடும். வழியைத் தேடுவதிலேயே இருபது ரூபாய் கரைந்துவிடும். அப்பாவின் மேசையிலிருந்து கிராஃப் தாள்களை எடுத்துப்போய்ச் சதுரம் சதுரமாக வரையத் தொடங்கினேன்.

அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். 1961இல் நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆலை. நாங்கள் இருந்தது அதன் குடியிருப்பில். ஒருநாள் என் தாளை எடுத்துப் பார்த்தார். என்ன விளையாட்டு என்று கேட்கவில்லை.

“வடக்கு எதுடா? வடக்கு போடாத படம் படமே இல்ல” என்றார். சற்றுப் பொறுத்து, “எங்கேருந்து கிளம்பினேன்னு ஒரு புள்ளி வை. அது தப்பாப் போச்சுன்னா மத்ததெல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல” என்றார்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சென்ற ஆண்டு ஏதோ ஒரு ஏக்கத்தில் அந்த விளையாட்டுகளுக்குத் திரும்பினேன். இப்போது மட்லெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நாம் நடக்க நடக்க அதுவே வரைபடம் வரைந்துகொள்ளும். வரைந்த அறை ஒன்றின் மீது இருமுறை சொடுக்கினால் அதுவே வழி கண்டுபிடித்து நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கிராஃப் தாளோடு அலைந்தவனுக்கு அது எத்தனை பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த வரத்தை அமைத்துக்கொள்ள வேண்டியது நாம்தான். இதில் இரண்டு வகை உண்டு. சில விளையாட்டுகள் ஜி.எம்.சி.பி. என்ற நெறிமுறை வழியாக ஒவ்வோர் அறையின் எண்ணையும் பெயரையும் வாசல்களையும் திரைக்குப் பின்னால் அனுப்பிவிடும். எண் புதியதென்றால் புதுச் சதுரம் ஒன்றை வரை. பழையதென்றால் அந்தச் சதுரத்துக்குப் போய் நில். லூவா மொழியில் சில வரிகள் எழுதினால் போதும்.

நான் விரும்பியதோ எண் எதையும் அனுப்பாத பழைய விளையாட்டு. அங்கே மென்பொருளுக்கு எல்லாவற்றையும் நாம் கற்பிக்க வேண்டும். இந்த வரி அறையின் பெயர், இந்த வரி வாசல்கள் என்று சொல்லித்தருவது எளிது. கடினமானது, நகராமல் நின்றதைச் சொல்லித்தருவது. கதவு மூடியிருந்தால் நகர்வு தவறியது. இருட்டென்றால் அறை தெரியவில்லை. யாரோ இழுத்துப்போனால் நாம் கேட்காமலே இடம் மாறிவிட்டோம். இவை ஒவ்வொன்றுக்கும் விளையாட்டு என்ன வாசகம் சொல்லும் என்று தேடித்தேடி எழுதிவைத்தேன்.

ஒரு வாசகம் விட்டுப்போயிற்று. பாலத்துக் காவலன் வழிமறித்தான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மென்பொருளோ நான் வடக்கே போய்விட்டதாக எண்ணிக்கொண்டது. அதன்பின் அது வரைந்த திசைகளெல்லாம் சரி, வாசல்களெல்லாம் சரி. ஆனால் நகரம் முழுவதும் ஒரு சதுரம் தள்ளி இன்னொரு முறை முளைத்துக்கொண்டிருந்தது. அதற்குச் சந்தேகமே வரவில்லை. ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. தெரிந்த அறைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும். ஒரே பெயரும் ஒரே வாசல்களும் உள்ள அறைகள் பல இருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

இது பழைய சிக்கல்தான். இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதையான ‘அட்வென்சர்’ விளையாட்டை 1970களின் நடுவில் எழுதிய வில் க்ரௌதர் ஒரு குகை ஆய்வாளர். கென்டக்கியின் மாமத் குகையை அளந்து படம் வரைந்தவர்களில் ஒருவர். அந்த விளையாட்டில் ஒன்றுபோலவே இருக்கும் பாதைகளின் சிக்கலறை ஒன்றுண்டு. ஆடியவர்கள் கண்டுபிடித்த உபாயம் எளியது: ஒவ்வோர் அறையிலும் கையிலிருக்கும் ஒரு பொருளைப் போட்டுவிட்டுப் போவது.

அப்பா ஓய்வுபெற்றபின் குடியிருப்பைக் காலிசெய்து பருத்திப்பட்டில் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டோம். சில மாதங்களாகவே பெயர்களை மறந்துகொண்டிருந்தார். வயது என்று நினைத்தோம். ஒரு மாலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போனவர் எட்டு மணியாகியும் வரவில்லை. அம்மா ஏரிப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னாள். எதற்கென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிக்கரை முழுவதும் வண்டியில் சுற்றிவிட்டுப் பால் பூத்துக்கு வந்தேன். “பாக்கெட் வாங்கிட்டு அப்படி நேராப் போனாரே” என்று கடைக்காரர் கைகாட்டியது எங்கள் வீட்டுக்கு எதிர்த்திசை. பூத்தை ஒட்டி ஒரு கிடங்கின் பெரிய இரும்பு கேட் இருந்தது.

அங்கே நின்றபோது மட்லெட்தான் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நடந்தது அதுதான். அப்பா தொழிற்சாலை வாசலிலிருந்து கிளம்பியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் போன வழி: வாசலிலிருந்து நேரே, மூன்றாவது தெருவில் இடப்பக்கம் திரும்பினால் ஆறாவது வீடு. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தக் கணக்கின்படி நடந்தேன்.

ஆறாவது வீட்டில் இல்லை. ஏழாவதில் இருந்தார். நடுவில் இருந்த காலி மனையை நான் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டேன், அவர் சேர்க்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மடியில் பால் பாக்கெட்.

“பூட்டை மாத்திட்டாங்கடா” என்றார்.

அந்த வீட்டு அம்மாள், “எல்லாத்தையும் சரியாத்தான் சொல்றார் தம்பி. வீடு மட்டும் எங்க வீடா இருக்கு” என்றார்.

மறுவாரம் மருத்துவரிடம் போனோம். இனி என்ன நடக்கும் என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி எங்கள் கேட்டில் கட்டினாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. இப்போது நாங்கள் சேர்ந்துதான் நடக்கிறோம். திரும்பி வரும்போது அப்பா மணியை ஒருமுறை அடித்துவிட்டு உள்ளே வருகிறார்.

ஒருநாள் கிராஃப் தாளைக் கொடுத்து நம் வீட்டுக்கு வழி வரைந்துகாட்டச் சொன்னேன். கை நடுங்கவில்லை. தொழிற்சாலை வாசலில் புள்ளி வைத்துக் குடியிருப்புத் தெருக்களை ஒன்றுவிடாமல் வரைந்தார். பருத்திப்பட்டு அதில் இல்லை. நான் அதை அழிக்கவில்லை. தாளின் ஓரத்தில் எங்கள் இப்போதைய தெருவை வரைந்து, அவருடைய புள்ளியிலிருந்து அதுவரை ஒரு கோடு இழுத்தேன்.

அப்பா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, நான் மறந்துவிட்ட வடக்குக் குறியைப் போட்டார்.