ஐந்து விசிலும் ஒரு ஐஸ்கட்டியும்

கல்யாணமாகிக் கொட்டாரத்துக்கு வந்து 38 வருஷம் ஆகிறது. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்கறி வைக்கிறவள் நான். எங்கள் நாஞ்சில் நாட்டு வறுத்தரைத்த கறி என்றால் என் கைப்பக்குவம்தான் என்று தெருவில் ஒரு பெயர் வேறு! அப்படிப்பட்டவள் கோழியை எப்படி வேகவைப்பது என்று எழுத உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு இதைப் படித்தும் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அவசியம் படியுங்கள்.

போன வருஷம் ஐப்பசி மாதம். என் மகள் இரண்டாவது பிரசவத்துக்காக மஸ்கட்டிலிருந்து வந்திருந்தாள். குழந்தை பிறந்து 28 நாள். மூத்த பேரனுக்கு நாலு வயசு. போதாததற்கு 86 வயதான என் மாமியாரும் வீட்டில். மழை விட்டபாடில்லை. நினைத்தபோது கடைக்கு ஓட முடியாதே என்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழியைக் கூடுதலாக வாங்கி, வாங்கி வந்த பையோடு ஃப்ரீஸரில் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் போன். மருமகன்! "அத்தை, திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் அங்கே இருப்பேன்" என்றார். யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, பிள்ளையைப் பார்க்க ஓடி வந்திருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃப்ரீஸரைத் திறந்து கோழியை எடுத்தால், மயிலாடியில் சிலை செதுக்கப் போட்டிருக்கும் கல் மாதிரி இருக்கிறது! குழாய்த் தண்ணீரில் காட்டினேன், கத்தி முனையால் நெம்பினேன். அசையவில்லை. "சவம், குக்கரில் போட்டால் தானே உருகுகிறது" என்று முடிவு கட்டினேன்.

சின்ன உள்ளியை வதக்கி, வத்தல் மிளகாய், மல்லி, நல்லமிளகு, தேங்காய் எல்லாம் கருக வறுத்து அரைத்த மசாலாவை ஊற்றி, அந்தக் கட்டியை முழுசாக உள்ளே இறக்கி மூடினேன். முதல் விசில் வர வெகு நேரமாயிற்று. காஸ்கெட் தளர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அதுதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதை நான் கவனிக்கவில்லை. வழக்கமாக மூன்று விசில் வைப்பேன். அன்று தாராளமாக ஐந்து வைத்தேன். மூடியைத் திறந்தபோது வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். கரண்டியால் தட்டியதும் கட்டி உடைந்து துண்டுகள் பிரிந்தன. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வேறென்ன வேண்டும்?

இலை போட்டுப் பரிமாறினேன். பேரனுக்கு நல்ல சதைப்பற்றான தொடைத் துண்டாகப் பார்த்து வைத்தேன். அவன் இரண்டு வாய் தின்றிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் மாமியார், சட்டென்று கையை எடுத்துவிட்டார்கள்.

"ஏட்டி, கறி வெளியே கொதிக்கு. உள்ளே ஐஸ் மாதிரில்லா இருக்கு!"

வாங்கிப் பார்த்தேன். மேலே மசாலா நன்றாகப் பிடித்து வெந்த கறி. எலும்பை ஒட்டி ரோஜா நிறத்தில் பச்சை இறைச்சி. விரலில் ஜில்லென்று பட்டது. மருமகனுக்கு முன்னால் எனக்குத் தலை நிமிர முடியவில்லை. எல்லோருடைய இலையிலிருந்தும் கறியை எடுத்து மறுபடி அடுப்பில் ஏற்றினேன். ஆனால் பேரன் விழுங்கிய இரண்டு வாயை என்ன செய்ய?

டாக்டர் கேட்ட கேள்வி

மறுநாள் சாயங்காலம் பேரனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இரவோடு இரவாக நாகர்கோவிலுக்குக் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். "நேற்றும் இன்றும் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு எழவில்லை. இட்லி, பால் என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் புத்தி போயிற்று, அதை உங்களிடம் மறைப்பானேன்! அப்புறம், "கோழிக்கறி, சரியாக வேகாதது, நான்தான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "கோழியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதம்மா. ஆனால் நீங்கள் சொன்னது நல்லது. எதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்" என்றார். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் இருக்கக்கூடுமாம். ஃப்ரீஸரில் வைத்தால் அவை செத்துப்போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் தூங்கத்தான் செய்யுமாம்! குளிர் விட்டதும் எழுந்து பெருகும். நன்றாக வேகவைக்கிற சூடு ஒன்றுதான் அவற்றைக் கொல்லும். சின்னக் குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், வயதானவர்களையும் இது அதிகமாகத் தாக்கும் என்றார்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூன்றாம் நாள் பேரன் எழுந்து விளையாடினான். அந்த மூன்று இரவும் நான் தூங்கவில்லை. பெற்ற உடம்போடு மகளும் அந்தக் கறியைத் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

விசில் யாருக்காக அடிக்கிறது?

ஐந்து விசில் வந்தும் ஏன் வேகவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் நாத்தனார் மகள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அவள் வந்தபோது கேட்டேன்.

"மாமி, விசில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். கோழியைப் பற்றிச் சொல்லாது" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதானே! உள்ளே ஆவி நிறைந்து வெயிட்டைத் தூக்கினால் விசில். குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி சென்டிகிரேட் வரை போகும். டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் செய்து காட்டிய முதல் குக்கரிலிருந்து, நம் நாட்டில் 1959-ல் தயாராகத் தொடங்கிய குக்கர்வரை எல்லாவற்றுக்கும் தத்துவம் இதுதான். ஆனால் அந்த 120 டிகிரி கறியின் மேல்தோலுக்குத்தான். நடுவுக்குச் சூடு மெல்ல மெல்லத்தான் ஊர்ந்து போக வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு கிராம் ஐஸை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடிகிறவரை அது 0 டிகிரியை விட்டு ஏறாது. அதே வெப்பத்தில் ஒரு கிராம் குளிர்ந்த தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம்! கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். நான் வைத்த ஐந்து விசிலும் ஐஸை உருக்குவதற்கே செலவாகியிருக்கிறது.

கட்டியின் கனமும் ஒரு காரணம். கனம் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போகும் நேரம் இரண்டு மடங்கு ஆகாதாம், ஏறக்குறைய நாலு மடங்கு ஆகுமாம். ஆக, தப்பு குக்கரிலும் இல்லை, கோழியிலும் இல்லை. பையோடு உருண்டையாக ஃப்ரீஸரில் தள்ளினேனே, தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மகள் கொண்டுவந்த மெதுவடுப்பு

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மகள், "அப்போ என் ஸ்லோ குக்கரில் காலையிலேயே போட்டுவிடலாமே அம்மா. எட்டு மணி நேரத்தில் உருகி வெந்துவிடுமே" என்றாள். மஸ்கட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கரன்ட் சட்டி அது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், அது இன்னும் ஆபத்து! ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரைதான் கிருமிகள் குஷியாகப் பெருகும் சூடு. மெதுவாகச் சூடேறும் சட்டியில் உறைந்த கோழியைப் போட்டால், மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே அது கிடக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையும் இறைச்சியை உருகவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போடச் சொல்கிறது.

அப்போது என் மாமியார், "நாங்க அந்தக் காலத்திலே காணப்பயறை ராத்திரி பூரா கங்கிலே வைக்கல்லியா? ஆனா நல்லாக் கொதிச்ச பொறவுதான் கங்குக்கு இறக்குவோம். பச்சையா வைக்க மாட்டோம், கேட்டியா" என்றார்கள். படித்தவள் சொன்னதும் படிக்காதவர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது!

இப்போது நான் செய்வது

கோழி வாங்கி வந்ததும் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிரித்து, சுத்தமான பையில் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரத்தி, காற்றை வெளியேற்றிக் கட்டித் தட்டில் படுக்கவைத்து ஃப்ரீஸரில் வைக்கிறேன். தேதியையும் எழுதி ஒட்டுகிறேன். உறைந்த பிறகும் அது பலகைபோல மெல்லிசாகத்தான் இருக்கும்.

மறுநாள் கறி என்றால், முந்தின ராத்திரியே ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுவேன். அடியில் ஒரு கிண்ணம் அவசியம். சொட்டும் தண்ணீர் காய்கறியிலோ பாலிலோ விழக்கூடாது. அவசரமானால், ஒழுகாத பையோடு பச்சைத்தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றினால், அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். பச்சையாக மறுபடி ஃப்ரீஸரில் வைக்கக்கூடாது. சமையல் மேடையில் அப்படியே போட்டுவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பதே கெடுதல்.

அதற்கும் நேரமில்லையா? மெல்லிசாக உறைந்த துண்டுகள் என்றால், அப்படியே குக்கரில் போடலாம். முதலில் மூடாமல் குழம்பில் கொதிக்கவிட்டு, துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த பிறகு மூட வேண்டும். வழக்கமான நேரத்தைப்போல ஒன்றரை மடங்காவது வைக்க வேண்டும். காயும் எண்ணெயில் மட்டும் உறைந்த துண்டைப் போடாதீர்கள், முகத்தில் தெறிக்கும். முழுக் கோழியையோ பெரிய கட்டியையோ உறைந்தபடி குக்கரில் போடவே போடாதீர்கள். பாதி வேகவைத்து, "மீதியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடி வைப்பதும் கூடாது.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து, எலும்புவரை கீறிப் பாருங்கள். நடுவிலிருந்து ஆவி வர வேண்டும், சாறு தெளிவாக இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பிராய்லர் இளங்கோழியானதால், உறைந்து உருகினால் நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் கருஞ்சிவப்பாகத் தெரிவதுண்டு. சந்தேகம் தீர வேண்டுமானால், இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கிறது. நடுவில் 74 டிகிரி காட்டினால் கவலையில்லை. கம்மலுக்கும் வளையலுக்கும் செலவழிக்கிறோம், இதற்கு ஒரு தரம் செலவழித்தால் என்ன?

மகள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய் மாதங்களாகிவிட்டன. கரன்ட் சட்டியை எனக்கே விட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பேரன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்:

"ஆச்சி, கறி உள்ளே சுடுதா?"

"சுடுது மக்களே, ஆச்சி பார்த்துட்டேன்" என்பேன். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.