வாசலுக்கு வெளியே என் நாற்காலி

பிளையிங் ஆபீசர் கே. கே. கபூர் எப்படிச் செத்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாதி மறைத்துச் சொல்லிவந்தவன் நான். என் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே மறைத்தேன்.

விமானப் படையின் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வெடிமருந்து தெரிந்த ஆள் என்று சாத்தூர்ப் பக்கம் ஒரு பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேனாகச் சேர்த்துக்கொண்டார்கள். சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் பேசக் கூப்பிடுவார்கள். கபூர் கதையைத்தான் சொல்வேன். 1965 இந்திய-பாகிஸ்தான் போர். கான்பெர்ரா குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே பேர்: பைலட் லோவ், நேவிகேட்டர் கபூர். செப்டம்பர் 21, இருட்டு நேரம். சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று துரத்திவந்து சுட்டது. லோவ் தப்பிக் குதித்துப் போர்க்கைதியானார். கபூர் மாண்டார். 23ஆம் தேதி விடியுமுன் சண்டை நின்றுவிட்டது. சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஒரு வருஷம் ஒரு சிறுமி எழுந்து, “அவரும் ஏன் சார் குதிக்கல?” என்று கேட்டாள். “நேரமில்லம்மா” என்றேன். அது முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் கைவைத்து வேலை பார்த்த வகை விமானம் அது. அந்த ரகக் கான்பெர்ராவில் பைலட்டுக்கு மட்டும்தான் எஜெக்ஷன் சீட். பிடியை இழுத்தால் ஆளை இருக்கையோடு வெளியே தூக்கி எறிந்துவிடும். நேவிகேட்டருக்கு அது கிடையாது. மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குண்டுக்குக் குறி பார்ப்பவர் அவர். ஆபத்தென்றால் பாராசூட்டை மாட்டிக்கொண்டு, நெருக்கடிக்குள் நகர்ந்து வந்து, பக்கவாட்டுக் கதவு வழியாகக் குதிக்க வேண்டும். அடிபட்டு விழும் விமானத்தில் அதற்கு எத்தனை விநாடி கிடைக்கும்? வரைபடம் போட்டவர்களுக்கும் இது தெரியும், பறக்கவிட்டவர்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பலரின் அம்மாக்கள் பயர் ஆபீசுக்குப் போகிறவர்கள். சிலர் என்னிடமே வேலை பார்த்தவர்கள்.

எங்கள் மருந்து அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு. லைசென்சில் அப்படித்தான் இருக்கும். ஓடுவதற்கு வசதியாக எதிரெதிரே வாசல். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது நான் ஆறு பேரை உட்காரவைத்தேன். கூடுதலாக வந்த இருவரையும் உள்மூலையில் போட்டேன். பின்வாசலில் அட்டைக் கட்டுகளை அடுக்கவிட்டேன். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தால் அந்த இருவரையும் வேலிக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிடுவேன். என் நாற்காலி மட்டும் எப்போதும் வாசலுக்கு வெளியே கிடக்கும். முதலாளி இதையெல்லாம் செய் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எத்தனை குரோஸ் பட்டாசு வேண்டும் என்று மட்டும் சொல்வார்.

2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் செத்தபோது நான் ஆடிப்போனேன். கொஞ்ச நாள் அறைக்கு நான்கு பேர் என்று கறாராக இருந்தேன். பண்டிகை நெருங்கியதும் மறுபடி ஆறு.

அடுத்த வருஷ சீசனில் ஒரு மத்தியானம் உராய்வில் தட்டிலிருந்த மருந்து பற்றிக்கொண்டது. கொஞ்சம் மருந்துதான், சுவர்கூட விழவில்லை. வாசலோரம் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். உள்மூலையில் இருந்த ஒருத்தி அட்டைக் கட்டின்மேல் ஏறி விழுந்து வெளியே வந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. விசாரித்தபோது, “அவதான் தட்டை இழுத்துத் தேய்ச்சா, எத்தனை தடவை சொல்றது” என்றேன். பின்வாசலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு விஷயம் முடிந்தது. என் வேலை நிலைத்தது.

ஆள் பற்றாக்குறை, ஆர்டர் நெருக்கடி, குரோஸ் கணக்கில் கூலி வாங்கும் அவர்களே கூடுதல் வேலை கேட்டார்கள் என்று எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வாசலைத் திறந்துவைக்க எனக்குக் காசு செலவில்லை, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கட்டுகளை நாலடி தள்ளி அடுக்கச் சொல்லியிருந்தால் போதும். கபூருக்கு அந்த இருக்கை வேண்டாம் என்று முடிவெடுத்தது யாரென்று எனக்குத் தெரியாது. இங்கே முடிவெடுத்தவன் நான்.

அந்தப் பெண் இப்போது வேறொரு பயர் ஆபீசுக்குப் போகிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், “நல்லா இருக்கீகளா சார்?” என்று அவளாகவே கேட்பாள். பிசகு உன்னுடையதில்லை, என்னுடையது என்று அவள் முகத்தைப் பார்த்து நான் இன்னும் சொல்லவில்லை. அதைவிட எழுதுவது சுலபமாக இருந்தது; எழுதிவிட்டேன்.