கல்லில் இருக்கும் பெயர்கள்

16 ஜனவரி 2025, வியாழன் – வல்லம்

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் அதைப் பின்னால் தள்ளிவிட்டு வல்லத்தில் தொடங்கினோம். வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிப் பாய் விரித்தாயிற்று. அம்மா, தங்கை, அவள் பிள்ளைகள் இருவர், நான், ஓட்டுவது மாப்பிள்ளை. சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் கேன், அம்மா கிளறிய புளிக்காய்ச்சல். நான்கு நாளும் வண்டிதான் வீடு.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் சில நிமிடத்தில் வல்லம். குன்றின் மேலே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தூணில் தமிழ்க் கல்வெட்டு. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மன்னனின் பட்டங்களை அடுக்கிவிட்டு, அவனுக்கு அடியானான வயந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் இந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்கிறது. கீழே இன்னொரு குடைவரை. அது கொம்மை என்ற பெண்ணின் பெயரில். ஆயிரத்து நானூறு ஆண்டாக ஒரு பெண்ணின் பெயர் மழையில் நனைந்துகொண்டு இங்கேயே இருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

"செய்வித்தவங்க பேரு இருக்கு. செஞ்சவங்க பேரு எங்க மாமா?" என்றாள் தங்கை மகள். ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

17 ஜனவரி, வெள்ளி – திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம்

விடியற்காலையிலேயே மலையேறினோம். அம்மா பாதிப் படியில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்றாள். சிறுமியாக வந்தபோது உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் இறங்கிவந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றதைப் பார்த்திருக்கிறாள். இப்போது அவை வருவதில்லை.

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம். வாதாபி கொண்ட நரசிம்மவர்மனைச் சொல்லும் கல்வெட்டு இதில்தான் இருக்கிறது. அதே மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்க வந்து தங்கியவர்கள் இவர்கள்.

மாலையில் அவர்களுடைய கோட்டைக்கே போனோம். கல்பாக்கத்தை ஒட்டி, கடலைப் பார்த்த செங்கல் சுவர். உள்ளே கல்லறைகள். ஒவ்வொரு பலகைக் கல்லிலும் ஆழமாகச் செதுக்கிய எழுத்து, குலச்சின்னம். இந்தக் கடலில்தான் 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதினான். 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக்காரர்கள் இந்தியாவில் இருந்த இடங்களையெல்லாம் ஆங்கிலேயரிடம் விட்டுப்போனார்கள்.

கோட்டைச் சுவரில் புதிய கிறுக்கல்களும் உண்டு. இதயம், அம்பு, இரண்டு பெயர். "டச்சுக்காரன் கிறுக்கினா சரித்திரம், இவன் கிறுக்கினா தப்பா?" என்றான் தங்கை மகன். நியாயமான கேள்வி. அன்றைக்கும் அது தப்புதான் என்றேன். பழையதாகிவிட்டால் தப்பு சரியாகிவிடாது.

18 ஜனவரி, சனி – மாமல்லபுரம்

கூட்டம். கடற்கரைக் கோயிலைச் சுற்றிவந்ததோடு சரி. ஐந்து ரதங்களிடம்தான் அதிக நேரம் இருந்தோம். தருமராச ரதத்தின் மேனியெங்கும் பல்லவ மன்னனின் பட்டப்பெயர்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஐந்தில் எதுவும் முழுதாக முடியவில்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள், அடிப்பாகம் கரடாக இருக்கையிலேயே உளியைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் தெருவெல்லாம் இன்றும் உளிச்சத்தம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பட்டறை வாசலில் பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள். நந்தியின் திமிலைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிரவே இல்லை. நாங்களும் தொந்தரவு செய்யவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு – பூஞ்சேரி

காலை இட்லி முடித்து, மாமல்லபுரத்துக்கு மேற்கே பூஞ்சேரிக்கு வந்தோம். இங்கேயுள்ள பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்தில் வேலை செய்த தச்சர்களின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அறிஞர்கள் படித்து வெளியிட்டதைத் தாளில் எழுதி வந்திருந்தேன். தங்கை மகள் பாறைக்கு முன் நின்று வாசித்தாள்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன்.

கொல்லனும் சேர்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி அடித்துக் கொடுக்கக் கொல்லன் கூடவே இல்லாவிட்டால் ஒரு ரதமும் எழுந்திருக்காது. திருவொற்றியூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். இன்றைய சென்னையின் வடகோடியிலிருந்து அந்தக் காலத்தில் கிழக்குக் கடலோரமாகவே நடந்து வந்திருப்பாரோ? பட்டங்கள் இல்லை, புகழ்ச்சி இல்லை. பெயர் மட்டும்.

அம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலைக்கோயிலில் ஏற முடியாதவள், இங்கே யாரும் சொல்லாமலே கும்பிட்டாள்.

மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, உலகமே வருகிறது. வருகிறவர்களில் பலரும் பூஞ்சேரி கூட்டுரோட்டைக் கடந்துதான் போகிறார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இங்கே கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துங்கள். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.