ரிக்லி ஃபீல்டு: 108 வருஷம் காத்திருந்த ரசிகர்களின் கோட்டை!

சிகாகோ நகரின் ‘ரெட் லைன்’ ரயிலில் ஏறி அடிசன் ஸ்டேஷனில் இறங்கினால், வீடுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு மைதானம் எட்டிப் பார்க்கும். சிவப்பு நிறப் பெயர்ப்பலகை, பழைய செங்கல் சுவர், எதிரே மொட்டை மாடியிலேயே கேலரி போட்டு மேட்ச் பார்க்கும் கட்டடங்கள். இதுதான் ரிக்லி ஃபீல்டு. ‘சிகாகோ கப்ஸ்’ பேஸ்பால் அணியின் தாய்வீடு.

1914-ல் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மேஜர் லீக் மைதானங்களில் இதைவிட வயதானது பாஸ்டனில் உள்ள ஃபென்வே பார்க் மட்டும்தான். சூயிங்கம் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ரிக்லி குடும்பத்தின் பெயர்தான் மைதானத்துக்கும்.

கப்ஸ் அணி 1908-ல் உலகத் தொடர் கோப்பையை வென்றது. அடுத்த கோப்பை வந்தது 2016-ல். இடையில் 108 வருஷங்கள்! நமக்கு 108 என்றால் தேங்காயும் திவ்ய தேசமும் ஞாபகம் வரும். பேஸ்பால் ரசிகர்களுக்கு அது பந்தின் தையல் கணக்கு. ஒவ்வொரு பந்திலும் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. கப்ஸ் ரசிகர்களுக்கோ அது, கோப்பையைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்த தாத்தா, பாட்டிகளின் கணக்கு.

பென்சிலும் பேப்பரும்

மைதானத்தின் வெளிச்சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று கொடி படர்ந்திருக்கிறது. 1937-ல் நட்டது. பந்து இந்தக் கொடிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால், ஃபீல்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். பேட்டருக்கு இரண்டு பேஸ். அதற்கு மேல் ஓட முடியாது.

அதே 1937-ல் வந்த பெரிய ஸ்கோர்போர்டு இன்றும் கையால்தான் இயங்குகிறது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து, எண் தகடுகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரவு ஆட்டத்துக்கான விளக்குகள் 1988 ஆகஸ்ட்டில்தான் இங்கே எரிந்தன. அதுவரை கப்ஸ் தன் சொந்த மண்ணில் ஆடிய ஆட்டமெல்லாம் பகலில்தான்.

வெளிமைதானத்துக்குப் பின்னால் இருக்கும் ‘பிளீச்சர்ஸ்’ இருக்கைகள் தீவிர ரசிகர்களின் இடம். எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து கையில் கிடைத்தால் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். மைதானத்துக்குள்ளேயே திருப்பி வீசிவிடுவதுதான் இங்கே மரியாதை!

செல்போன் காலத்திலும் மடியில் ஸ்கோர்கார்டை வைத்துக்கொண்டு பென்சிலால் குறிக்கும் ரசிகர்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஃபீல்டருக்கும் 1 முதல் 9 வரை எண் உண்டு. ‘6-4-3’ என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் பிடித்து, இரண்டாவது பேஸ்மேனுக்கு எறிந்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேரை அவுட்டாக்கினார்கள் என்று அர்த்தம். 40 வருஷம் கழித்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாலும் முழு ஆட்டமும் கண்முன் ஓடும்.

காற்று சொல்லும் கணக்கு

கப்ஸ் ரசிகர் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது ஸ்கோர்போர்டுக்கு மேலே பறக்கும் கொடிகளை. மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஏரிக்காற்று உள்நோக்கி வீசினால், கேலரிக்குப் போக வேண்டிய பந்தும் ஃபீல்டர் கையில் விழும். காற்று வெளிநோக்கி வீசினால் சாதாரண அடியும் ஹோம் ரன் ஆகிவிடும். 1979 மே 17 அன்று அப்படிக் காற்று வீசிய ஆட்டத்தில் ஃபிலடெல்பியா 23, கப்ஸ் 22. மொத்தம் 11 ஹோம் ரன்கள்!

அதனால், ‘இந்த வீரர் 30 ஹோம் ரன் அடித்தார்’ என்றால் இந்த ஊர் ரசிகர் உடனே தலையாட்ட மாட்டார். எந்த மைதானத்தில், எந்தக் காற்றில் என்று கேட்பார்.

சிலையாக நிற்பவர்கள்

மைதானத்துக்கு வெளியே வரிசையாகச் சிலைகள். அதில் ஒருவர் எர்னி பேங்க்ஸ். 512 ஹோம் ரன்கள், 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது. கப்ஸுக்காக மட்டுமே 19 சீசன்கள், 2,528 ஆட்டங்கள். ஆனால், ஒரே ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தில்கூட அவர் ஆடியதில்லை. அணி அந்தக் கட்டத்தை எட்டவே இல்லை. 2015 ஜனவரியில் காலமானார். மறுவருஷம் கோப்பை வந்தது.

இன்னொருவர் ரான் சான்டோ. ரசிகர்களின் நீண்டகால வழக்கு இவர். பிட்சர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசிவிட்டால், பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகலாம். இதை ‘வாக்’ என்பார்கள். நம்மூர் வைடு மாதிரி. பேட்டிங் சராசரியில் இது சேராது. சான்டோவின் சராசரி .277. பார்க்க ரொம்பப் பெரிதாகத் தெரியாது. ஆனால், நான்கு சீசன்களில் லீக்கிலேயே அதிக ‘வாக்’ எடுத்தவர் அவர். 342 ஹோம் ரன்களும் அடித்திருக்கிறார். அவுட் ஆகாமல் பேஸுக்குப் போவதுதானே முக்கியம் என்பது ரசிகர்களின் வாதம்.

பத்திரிகையாளர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் அவர் பெயர் 15 முறை வந்தது. 15 முறையும் தோல்வி. டைப் 1 சர்க்கரை நோயோடு, ஆரம்பத்தில் அதை வெளியே சொல்லாமலேயே ஆடியவர். பின்னாளில் அந்த நோய்க்கு இரண்டு கால்களையும் இழந்தார். 2010 டிசம்பரில் இறந்தார். 2012-ல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

19 வயதுப் பையனைக் கொடுக்கலாமா?

இங்கே எந்தப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாளைய நட்சத்திரத்தைக் கொடுத்து இன்றைய வெற்றியை வாங்கலாமா?

பழைய காயம் 1964-ல் பட்டது. இளம் வீரர் லூ பிராக்கை செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, எர்னி பிராக்லியோ என்ற பிட்சரை வாங்கினார்கள். முந்தைய வருஷம் 18 ஆட்டங்களை ஜெயித்த பிட்சர் என்பதால், அன்றைக்கு அது நல்ல பேரமாகவே தெரிந்தது. ஆனால், கப்ஸில் பிராக்லியோ ஜெயித்தது வெறும் 7, தோற்றது 19. பிராக்கோ அந்த வருஷமே புது அணியோடு உலகத் தொடரை வென்றார். 3,023 ஹிட், 938 ஸ்டீல் என்று முடித்து, ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்தார்.

2016 ஜூலையில் அதே கேள்வி மறுபடியும் வந்தது. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். மணிக்கு 160 கி.மீ-க்கு மேல் வீசும் அரோல்டிஸ் சாப்மேனை நியூயார்க் யாங்கீஸிடமிருந்து வாங்க, 19 வயது கிளேபர் டோரஸ் உட்பட நான்கு பேரைக் கொடுத்தது கப்ஸ். சாப்மேன் அந்த வருஷம்தான் குடும்ப வன்முறை தொடர்பான லீக் விதியின் கீழ் 30 ஆட்டத் தடையை முடித்துவிட்டு வந்திருந்தார். அவர் மீது வழக்கு பதியப்படவில்லை என்றாலும், ‘இவருக்கா கைதட்டுவது’ என்று பல ரசிகர்களுக்கு நெருடல்.

நவம்பர் 2, கிளீவ்லாந்தில் ஏழாவது, கடைசி ஆட்டம். 6-3 என்று கப்ஸ் முன்னிலையில் இருந்தபோது சாப்மேன் வந்தார். சில நிமிடங்களில் 6-6. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மழை. 17 நிமிட இடைவேளைக்குப் பிறகு பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. ரெக்கார்டு புத்தகத்தில் வெற்றி பிட்சர் யார் தெரியுமா? முன்னிலையைக் கோட்டைவிட்ட அதே சாப்மேன்! பிட்சரின் வெற்றி எண்ணிக்கையை நம்பாதே என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சீசன் முடிந்ததும் சாப்மேன் யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். டோரஸ் 2019-ல் 38 ஹோம் ரன்கள் அடித்தார். காகிதக் கணக்கில் கப்ஸுக்கு நஷ்டம்தான்.

ஆனால், அந்த வாரம் ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சாக்பீஸோடு வந்து, கோப்பையைப் பார்க்காமல் போன அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்களை எழுதினார்கள். கைக்கு எட்டும் இடமெல்லாம் நிரம்பியதும், அடுத்தவர் தோளில் ஏறி எழுதினார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எத்தனை வருஷம்தான் சொல்வது? அந்த டீல் சரிதான் என்று சொல்கிறவர்களின் பதில் இதுதான்.

இப்போது கதை தலைகீழ். 2021 ஜூலையில் கோப்பை வென்ற நாயகர்கள் ரிஸோ, பயஸ், பிரையன்ட் மூவரையும் சில நாள்களுக்குள் விற்றது கப்ஸ். பயஸைக் கொடுத்து வாங்கியது, தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்திருந்த 19 வயது பீட் குரோ-ஆம்ஸ்ட்ராங்கை! அன்று திட்டாத ரசிகர் குறைவு. 2025-ல் அவர் 31 ஹோம் ரன்கள், 35 ஸ்டீல்களோடு நிற்க, அதே பிளீச்சர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

போகிறவர்களுக்கு...

சீசன் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை. பகல் ஆட்டமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஏப்ரலில் குளிர் பின்னியெடுக்கும், ஜாக்கெட் அவசியம். கொடியின் பச்சையைப் பார்க்க ஜூனுக்குப் பிறகு போவது நல்லது. சிலைகளுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாக்பீஸ் பெயர்களைத் தேடாதீர்கள். இப்போது அங்கே இருப்பது வெறும் செங்கல்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்போர்டுக்கு மேலே கொடி ஏறும். வெள்ளையில் நீல ‘டபிள்யூ’ என்றால் வெற்றி. நீலத்தில் வெள்ளை ‘எல்’ என்றால் தோல்வி. ஒரு காலத்தில் ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ரிசல்ட் தெரிந்துகொண்டதே இந்தக் கொடியைப் பார்த்துத்தான்.